கண்ணாடிக்கு வெளியே ஒரு சிவப்புப் பட்டை

அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் நாள் ‘மேடம்’ என்றேன். “மேடம்னா நான் திரும்பிப் பாக்க மாட்டேன் அண்ணாச்சி” என்றார். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர்தான். ஆனாலும் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அதனால் அவருடைய மேசைக்கு எதிரே போய் நின்று தொண்டையைக் கனைப்பேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “சொல்லுங்க அண்ணாச்சி” என்பார். அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அப்படித்தான் ஓடியது. இப்போது எழுதும்போதும் பேர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தென்காசியில் ஓர் உரக்கடை மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் சுவரில் பெரிய திரை வைத்து விளம்பரமும் அறிவிப்பும் ஓடவிடுகிறார்களே, அதற்கான பெட்டியையும் அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளையும் செய்தார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு இவர்களிடம் பிட்டராகச் சேர்ந்து திரை மாட்டினேன். ஏணி, டிரில், ஸ்பேனர், நான். மாட்டிவிட்டு வந்துவிடுவேன். திரைக்குள் என்ன நடக்கிறது என்பது மாடியில் உட்கார்ந்திருந்தவர்களின் பாடு. அவர்களில் ஒருவர் அவர்.

அவரோடு வேலை பார்ப்பது சுகம் என்று சொன்னால் அது பொய்.

பக்கத்து டீக்கடையிலிருந்து ஆபீசுக்கு டீ வரும். அவர் சீனி இல்லாமல் கேட்பார். ஒரு நாள் சீனியோடு வந்தது. திருப்பி அனுப்பினார். மறுபடி வந்ததில் லேசாகச் சீனி இருந்தது. அதையும் அனுப்பினார். டீக்கடைக்காரரே மாடியேறி வந்துவிட்டார்.

“ஒரு நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக் குடிச்சா என்னம்மா? சீனி என்ன விசமா?”

“விசம் இல்ல. நான் கேட்டது அது இல்ல.”

“கூட்ட நேரத்துல ஒருத்தருக்காவத் தனியாப் போட முடியுமா?”

“முடியாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். சரின்னு தலைய ஆட்டிட்டுச் சீனியப் போடுதீங்களே, அது என்ன?”

டீக்கடைக்காரர் மேசைகளில் இருந்த டம்ளர்களையெல்லாம் அள்ளிக்கொண்டார். கோபத்தில் எங்கள் ஆபீசுக்கே டீ கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் முதல் நான் வரை கொஞ்ச காலம் வெயிலில் தெருமுனை வரை நடந்தோம். அவரும் நடந்தார். எங்களை நடக்க வைத்ததற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

என்னையும் விட்டதில்லை. ஆலங்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நான் மாட்டிய திரை ஒரு பக்கம் இறங்கி நின்றது. அட்டையை மடித்து அடியில் சொருகி நேராக்கினேன். என் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பெட்டியைச் சரிபார்க்க வந்த அவர் அண்ணாந்து பார்த்தார்.

“அந்த அட்டைய எடுங்க அண்ணாச்சி.”

எடுத்தேன். திரை பழையபடி இறங்கியது.

“ஏன் எறங்குது?”

“பிராக்கெட்டு வளைஞ்சிருக்கு.”

“அப்ப பிராக்கெட்டத்தான மாத்தணும்? முட்டுக் குடுக்கது வேற, சரி பண்ணுதது வேற.”

பஸ் பிடித்துத் தென்காசிக்கு வந்து, வேறு பிராக்கெட் எடுத்துக்கொண்டு போய் மாட்டினேன். வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் மாட்டினேன். கடை முதலாளிக்கு அட்டையே போதுமாக இருந்தது.

அவருடைய அப்பாவுக்குப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை. அன்றைய விலையைக் காட்ட அவர் கடையில் ஒரு திரை மாட்டப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, அந்த அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஆபீஸ்ல எப்படி இருக்கா?”

“நல்லா இருக்காங்க.”

“சண்ட போடுதாளா?”

நான் டிரில்லுக்கு வயரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“கடையத்துல இருந்து ஒரு எடம் வந்துச்சு. நல்ல குடும்பம். மாப்பிள்ளையோட அம்மா, ‘கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கிடணும்மா’ன்னு சொன்னாவ. இவ காப்பித் தட்டோட நிக்கா. ‘உங்க மகன் எதை விடப் போறாரு?’ன்னு கேட்டுட்டா. காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாவ.” சொல்லிவிட்டு மூட்டை ஒன்றிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார். “சுவத்துலயும் ஏற மாட்டேங்கா, வளையவும் மாட்டேங்கா. அப்படி ஒரு ஆணி.”

பெருமையாகச் சொன்னாரா வருத்தத்தோடு சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

குற்றாலத்து விஷயம் இதற்கெல்லாம் பிறகு நடந்தது. பேரருவிக்குப் போகிற கடைத்தெருவில் கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரு திரை வைத்திருந்தார்கள். நெட்டுக்குத்தாக நிற்கிற திரை. மாட்டியது நான். எந்நேரமும் விளம்பரம் ஓடும். பெரும்பாலும் அல்வாவும் நேந்திரங்காய் சிப்சும். அருவியில் தண்ணீர் கூடினால் சங்கத்துச் செயலாளர் தன் அல்வாக் கடையிலிருந்தே ஒரு பொத்தானை அமுக்குவார். விளம்பரத்துக்கு மேலே, திரையின் உச்சியில் சிவப்புப் பட்டை வர வேண்டும்: ‘வெள்ளப்பெருக்கு. குளிக்கத் தடை.’ வளைவு திரும்புகிறவர்களுக்கு அருவி கண்ணில் படுவதற்கு முன்னால் திரைதான் படும். அதற்காகத்தான் அங்கே வைத்தது.

ஆனியில் சாரல் விழுந்து முதல் வெள்ளம் வந்தது. செயலாளர் பொத்தானை அமுக்கினார். பட்டை வரவில்லை. அல்வாதான் ஓடியது. தோளில் துண்டும், பிள்ளைகளின் தலையில் வடிகிற எண்ணெயுமாகக் கூட்டம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. கீழே போலீஸ்காரர்கள் விசில் ஊதித் திருப்பினார்கள். போகிறவர்களும் திரும்புகிறவர்களும் முட்டிக்கொண்டதில், ஒரு சின்னப் பிள்ளை தாயின் கையை விட்டுப் படியில் உருண்டது. நெற்றி கிழிந்து ரத்தம். நல்லவேளை, அதோடு போயிற்று.

செயலாளர் மேனேஜருக்குப் போன் போட்டுக் கத்தினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“திரைய மாத்தி மாட்டியிருக்கீரு வே. அதான் பட்டை வரல.”

மாற்றித்தான் மாட்டியிருந்தேன். நெட்டுக்குத்தாகத் திரையை நிறுத்தும்போது வயர் சொருகுகிற பக்கம் இடது கைக்கு வரும், இல்லையென்றால் வலது கைக்கு வரும். எல்லா ஊரிலும் இடது கைக்கு வருகிற மாதிரித்தான் மாட்டுவோம். குற்றாலத்தில் அந்த இடத்தில் இடது கைப் பக்கம் அருவி. காற்று திரும்பினால் சாரலும் அருவித் திவலையும் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். அங்கே கடை போட்டிருக்கிற யாரும் மின்பெட்டியை அருவியைப் பார்த்து வைக்க மாட்டார்கள். நானும் வயர்ப் பக்கம் வலது கைக்கு வருகிற மாதிரித் திருப்பி மாட்டி, திரை எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைப் பெட்டியின் செட்டிங்கில் குறித்துவிட்டு வந்தேன். படம் நேராகத்தான் ஓடியது. பட்டையைச் சோதித்துப் பார்த்தது மாடியில் இருந்த ஆபீஸ் திரையில். அது எல்லா ஊரையும் போல மாட்டிய திரை.

மறுநாள் காலையில் மேனேஜர், அவர், நான், மூன்று பேரும் குற்றாலம் போனோம். மேனேஜர் குடையோடு கீழே நின்றார். “ரெண்டு போல்ட்டுதான, கழத்தித் திருப்பிரும்” என்றார். நான் ஏணியைச் சாத்தி, ஸ்பேனரோடு ஏறினேன். திருப்பு என்றால் திருப்புகிறவன் நான். முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

“தொடாதீங்க அண்ணாச்சி!”

அப்படியே நின்றேன்.

“எதுக்கு இப்படி மாட்டுனீங்க?”

“சாரல் அங்கன இருந்து அடிக்கும். வயர் பக்கம் நனையும்.”

அவர் அருவிப் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உள்ளங்கை நனைந்ததும் சுடிதாரில் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இது சரியாத்தான் நிக்கு. சரியா நிக்கதை எதுக்கு சார் திருப்பணும்?”

இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பேர் ஏணிக்குக் கீழே நின்று என்னைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். இன்னும் மேலே, இன்னும் கீழே, கோணலாக இருக்கு, சீக்கிரம். சரியாக நிற்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. இறங்கவும் தோன்றாமல் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

“ஏம்மா, இன்னைக்குச் சாயங்காலமே மறுபடியும் தண்ணி வந்தாலும் வரும்” என்றார் மேனேஜர். “திருப்பினா இப்பமே முடிஞ்சிரும்.”

“வயர்ல தண்ணி எறங்கித் திரையே அணைஞ்சு போனா, பட்டை எங்க சார் வரும்?”

அல்வாக் கடை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செயலாளர் அல்வாத் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார். நானும் இறங்கிப் போய்ப் பின்னால் நின்றேன்.

“திரையில தெரியது ஒரே படம் இல்ல அண்ணாச்சி” என்று செயலாளரிடம் சொன்னார். “ஒன்னு மேல ஒன்னா அடுக்குனது. அடியில விளம்பரம், அது மேல இந்தப் பட்டை. ஒவ்வொன்னும் ஒரு லேயர். எந்த லேயர் எங்க தொடங்குது, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்னு கணக்குப் போட்டு அடுக்குதது கம்பாசிட்டர்னு ஒரு புரோகிராம். நேத்து நீங்க அமுக்குனது சரியாத்தான் வந்திருக்கு. பட்டையும் வந்திருக்கு.”

“வந்திருக்கா? எங்கன?”

“கண்ணாடிக்கு வெளிய. இந்தா பாருங்க, திரையோட மேல் விளிம்பு இது. பட்டை அதுக்கும் மேல நிக்கு.”

செயலாளர் கடையை விட்டு இறங்கி, தெருவில் நின்று, திரைக்கு மேலே பார்த்தார். அங்கே தகரக் கூரையும் இரண்டு குரங்குகளும் இருந்தன.

“அங்கனயா நிக்கு?”

“அங்கனதான்.”

“கொரங்குதான் படிச்சிருக்கும்.”

“பட்டைய நூறு பாயின்ட் கீழ எறக்கிவிட்டா முடிஞ்சது சோலி” என்றார் மேனேஜர்.

“ஏன் மேல போச்சுன்னு தெரியாம எறக்க மாட்டேன்.”

“தெரிஞ்சு என்ன செய்யப் போற? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா.”

அந்த வார்த்தை விழுந்ததும் நான் தெருவைப் பார்த்தேன். அவர் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேனேஜரே ஆபீசுக்குப் போன் போட்டு, அங்கே இருந்தவரை நூறு பாயின்ட் இறக்கச் சொன்னார். செயலாளர் பொத்தானை அமுக்கினார். திரையின் உச்சியில் சிவப்புப் பட்டை பளிச்சென்று வந்தது. கடைக்காரர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் குடையை மடக்கினார்.

“மலையாளத்துலயும் வேணும்னு சங்கத்துல கேட்டாங்கல்லா?” என்றார் அவர், மடிக்கணினிக்கு முன்னால் இருந்தபடியே. “ரெண்டாவது வரியையும் போட்டுப் பாருங்க.”

செங்கோட்டை வழியாக வருகிற கூட்டத்தில் பாதி கேரளத்து ஜனம். தமிழ் வரிக்குக் கீழே மலையாள வரியைச் சேர்த்தார்கள். பட்டையின் உயரம் இரண்டு மடங்கானது. திரையில் மலையாளம் மட்டும் நின்றது. தமிழ் வரியைக் காணோம், அது மறுபடியும் குரங்குகளிடம் போய்விட்டது.

சிப்ஸ் கடைக்காரர் அடுப்பிலிருந்து தலையை நீட்டினார். “என்னவே இது! குத்தாலத்தக் கேரளாவுக்கு எழுதிக் குடுத்தாச்சா?”

தெருவே சிரித்தது. மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது.

“மலையாளத்த எடுத்துருவோம். தமிழ் மட்டும் போதும். நம்ம ஆளு திரும்பி வாரதப் பாத்து அவனும் திரும்பிருவான்.”

அப்போதுதான் அவர் எழுந்து நின்றார்.

“அவனும் பிள்ளையக் கையில பிடிச்சிட்டுத்தான சார் வருதான்? யாருக்குச் சொல்லணும், யாரத் தண்ணிக்குள்ள விடணும்னு நான் பிரிக்க மாட்டேன். ரெண்டு வரியும் நிக்கணும். நாளைக்கு மூணாவது வரி போட்டாலும் நிக்கணும். மதியம் வரைக்கும் டைம் குடுங்க. ஆபீசுக்குப் போங்கன்னு சொன்னா நான் போக மாட்டேன்.”

மேனேஜர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மறுபடி மடிக்கணினிக்கு முன் உட்கார்ந்தார். சாரல் உள்ளே அடித்தபோது நான் குடையை விரித்து மேசை ஓரத்தில் பிடித்துக்கொண்டேன். ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி என்று பட்டையை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அது எவ்வளவு மேலே போகிறது என்று பார்த்தார். எத்தனை வரி உயரமோ, சரியாக அத்தனை உயரம்தான் மேலே போனது. அதைக் கண்டுகொண்டதும் விரலால் மேசையைத் தட்டினார்.

“தன் உயரத்தக் கழிக்கல, அண்ணாச்சி.”

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“எல்லா ஊரு மாதிரி மாட்டினா, பட்டை நிக்கப் போற ஓரத்துல இருந்தே எண்ணலாம். கழிக்க ஒன்னும் கெடையாது. நீங்க மாட்டியிருக்க மாதிரின்னா எதிர் ஓரத்துல இருந்து எண்ணிக்கிட்டு வரணும். அப்ப பட்டையோட சொந்த உயரத்தக் கழிச்சாத்தான் அது உள்ள நிக்கும்.”

எதிர்ச் சுவரை ஒட்டி பீரோ வைக்கிற கணக்குதான் அது. அறையின் நீளத்தை அளந்து, பீரோவின் பருமனைக் கழிக்காமல் கொண்டுபோய் வைத்தால், பீரோ அடுத்த வீட்டுக்குள்தான் நிற்கும்.

“விளம்பரம் மட்டும் எப்படி ஒழுங்கா நின்னுச்சு?” என்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“அது முழுத் திரையையும் அடைச்சிட்டு நிக்கும். அதுக்கு இந்தக் கணக்கே போடுததில்ல. அதனாலதான் ஒருத்தருக்கும் தெரியல.”

மேனேஜர் காரிலிருந்து இறங்கி வந்திருந்தார். “அந்தக் கணக்க எழுதினது யாரு?” என்று கேட்டார். ஒரு பேர் கிடைத்தால் போதும் என்பது போலிருந்தது.

“நாந்தான்” என்றார் அவர், தட்டிக்கொண்டே.

ஆபீசிலிருந்து நகர்த்திய நூறு பாயின்ட்டை முதலில் எடுத்துவிட்டார். பிறகு அந்த ஒரு வரியைத் திருத்தினார். செயலாளர் பொத்தானை அமுக்கினார். தமிழும் மலையாளமும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கண்ணாடிக்குள் நின்றன. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. சிப்ஸ் கடைக்காரர் மட்டும், “வந்துட்டு” என்றார்.

கிளம்பும்போது மேனேஜர் செயலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். “பிட்டர் மாட்டுனதுல ஒரு சின்னக் கோளாறு அண்ணாச்சி. சரி பண்ணியாச்சு. இனிமே வராது.”

நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் இனி எனக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று புரிந்தது. பிள்ளைக்கு நெற்றி கிழிந்ததும் என் கணக்கில்தான் ஏறும். வாயைத் திறக்க வேண்டும் என்று தோன்றியது. திறக்க வரவில்லை.

“இல்ல” என்றார் அவர். தெருவுக்கே கேட்டது. “பிட்டர் மாட்டுனது சரி. இந்த எடத்துல அப்படித்தான் மாட்டணும். தப்பு நான் எழுதுன கணக்குல. அந்தப் பிள்ள விழுந்ததுக்கு நாந்தான் காரணம், ஏணி வச்சிருக்க அண்ணாச்சி இல்ல.”

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “தப்பு பண்ணிட்டேன்னு இவ்வளவு தெனாவட்டாச் சொல்லுத ஆளை இப்பத்தாம்மா பாக்கேன்.”

“மெதுவாச் சொன்னா சார் குறுக்க பேசிருவாரு.”

செயலாளர் சிரித்துவிட்டு, பொட்டலம் கட்டி நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “காயம் பட்ட பிள்ள எந்த ஊருன்னு தெரிஞ்சா சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாரலில் நனைந்தபடியே வந்தார்.

அடுத்த வெள்ளம் வந்த அன்று வேறொரு கடைக்குப் பலகை மாட்ட நான் அங்கேதான் இருந்தேன். தண்ணீரின் சத்தம் மாறியது, பிறகு பட்டை வந்தது. வளைவில் திரும்பிய கூட்டம் தேங்கி நின்றது. கேரளத்துக்காரர் ஒருவர் தோளில் பிள்ளையோடு அண்ணாந்து நின்று வாசித்தார், பிள்ளை குளிக்க வேண்டும் என்று அழுதது. அவருக்குப் பக்கத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர், “இம்புட்டுத் தூரம் வந்தும் இது ஒன்னு, சனியன்” என்று திரையைப் பார்த்துத் திட்டினார். திட்டிவிட்டு இரண்டு பேருமே திரும்பி நடந்தார்கள்.

அவருக்குப் போன் போட்டேன். அதற்கு முன் நான் போட்டதில்லை.

“நிக்கு” என்றேன்.

“ரெண்டு வரியுமா?”

“ரெண்டு வரியும்.”

“எங்கன நிக்கு?”

“உள்ளதான். கண்ணாடிக்குள்ள.”

“சரி அண்ணாச்சி.” வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்த மாடியில் அதிக நாள் இல்லை. சங்கத்தாரிடம் கம்பெனியை விட்டுக்கொடுத்துப் பேசியது தப்பு என்று எழுதித் தரச் சொன்னார்களாம். தர மாட்டேன் என்று கிளம்பிவிட்டார். எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. எங்கே இருந்தாலும் அங்கே ஒரு டீக்கடைக்காரர் மாடியேறி வந்திருப்பார்.

திரை இன்னும் அங்கேதான் நிற்கிறது. இப்போது அதைப் பராமரிக்கிறவர்கள் வேறு ஆட்கள். இந்தச் சாரலில் அவர்களில் ஒருவர் என்னை வரச் சொன்னார். திரையை அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தார்.

“எல்லா எடத்துலயும் வயர் அந்தப் பக்கம்ல வரும்? இது ஏன் தலைகீழா இருக்கு? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித் திருப்பி மாட்டிருங்க.”

நான் தொண்டையைக் கனைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

“சரியாத்தான் நிக்கு” என்றேன்.

அவர் அதற்குப் பிறகும் என்னென்னவோ சொன்னார். நான் ஏணியை வண்டியிலிருந்து இறக்கவில்லை.